ஸ்டோர் பிழைத்தது, லயம்?

நுவரெலியாவிலிருந்து உடப்புசல்லாவைக்குப் போகும் வழியில், கந்தப்பளைக்கு மேலே, சுமார் 2,000 மீற்றர் உயரத்தில் ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலை, தோட்டத்து வழக்கில் ஸ்டோர், நிற்கிறது. கொழுந்து வாடிய மாடிகளில் இன்று சுற்றுலாப் பயணிகள் தூங்குகிறார்கள்.

மாடிக்கு மாடி வரிசையாக ஜன்னல்கள் இருப்பதற்குக் காரணம் உண்டு. பறித்த கொழுந்தைச் சாக்குத் துணித் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, மணிக்கணக்கில் காற்றாட விட்டால்தான் அது அரைப்பதற்குப் பதமாகும். அதற்காகவே மேல்மாடிகள் முழுவதையும் ஒதுக்கினார்கள். பின்னாளில் மின்விசிறி பொருத்திய நீளமான தொட்டிகள் வந்ததும் அவ்வளவு மாடிகள் தேவைப்படவில்லை. பல தோட்டங்களின் கொழுந்தை லொறியில் ஏற்றி ஒரே ஸ்டோரில் அரைக்கும் வழக்கமும் வந்தது. மற்ற ஸ்டோர்களுக்கு ஒவ்வொன்றாகப் பூட்டு விழுந்தது.

ஹெதர்செட்டும் பல ஆண்டு பாழாய்க் கிடந்தது. எயிட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் அதை ஹோட்டலாக்கி 1996-இல் திறந்தது. பழைய இயந்திரத்தையும் பெரிய காற்றாடிகளையும் அகற்றாமல் வைத்திருப்பது பாராட்டத்தக்கது. கண்டிக்கு அருகே ஹந்தானையில் 1925-இல் கட்டிய ஸ்டோரும் இப்படித்தான் கைவிடப்பட்டு, 2001-இல் தேயிலை அருங்காட்சியகமாக மறுபிறவி எடுத்தது. புதுப் பயன் கிடைக்காவிட்டால் இங்கே எதுவும் மிஞ்சுவதில்லை. நானுஓயாவிலிருந்து கந்தப்பளை வழியாக ராகலை வரை ஓடிய சின்ன ரயில் 1940-களில் நின்றது; தண்டவாளமும் போய்விட்டது.

ஆகவே கட்டடங்களுக்குப் புதுவேலை கொடுப்பதை எதிர்க்க முடியாது. யாருடைய கதையை அவை சொல்கின்றன என்பதுதான் கேள்வி. தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதை எல்லோரும் சொல்கிறார்கள். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்து, மலையேறிக் கொழுந்தெடுத்து, மடுவத்தில் நிறுத்துப் போட்ட பெண்களின் கதை எத்தனை சுவர்களில் இருக்கிறது?

தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தைப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் ஒரு வாசல், பக்கத்து வீட்டோடு ஒரே சுவர், மேலே ஒரே தகரக் கூரை. மழைக்காலத்தில் ஒரு மூலையில் அடுப்பு புகையும். மறு மூலையில் பிள்ளை படிக்கும். ஸ்டோர் ஹோட்டலாகிவிட்டது. நூறாண்டு கடந்த எத்தனையோ லயங்களில் அன்று போலவே இன்றும் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்கின்றன. மலையகத்தில் முதலில் மாற வேண்டிய கட்டடம் லயம்தான்.

அப்படி மாறியதற்கும் முன்மாதிரி இருக்கிறது. கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில், சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007-இல் பழைய லயத்திலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தை அமைத்தது. உழைத்தவர்களின் கருவிகளும் பாத்திரங்களும் ஆவணங்களும் அவர்கள் வாழ்ந்த அறைகளிலேயே இருக்கின்றன. வெளிநாட்டு நிதியோ ஆடம்பரமோ இல்லாத ஊர்களிலும் செய்யக்கூடிய வேலை இது.

உடப்புசல்லாவைப் பக்கமும் பயனற்றுப்போகும் ஸ்டோர்களைத் தகரத்துக்கும் இரும்புக்கும் விற்றுவிடாதீர்கள். கம்பனிகளும் அரசும் அவற்றில் ஒரு பகுதியையாவது தோட்டத்துப் பிள்ளைகளின் வாசிகசாலைக்கும் தொழிற்பயிற்சிக்கும் ஒதுக்க வேண்டும். லயத்துக் குடும்பங்களுக்குச் சொந்தக் காணியும் தனிவீடும் கொடுத்த பிறகு, தோட்டத்துக்கு ஒரு லயத்தையாவது இடிக்காமல் காப்பாற்ற வேண்டும்.