குடத்தில் இல்லாத பெயர்

உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தே, 30 குடும்புகளிலும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாச் சிறுவனைக்கொண்டு எடுப்பித்து, வாரியத்தாரைத் தெரிந்தனர் என்று கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுக் கூறுகின்றது. நம் காலத்தில், 2016இல், அயர்லாந்தும் எழுமாறாக 99 குடிமக்களைத் தெரிந்து கூட்டியது. அவர்கள் அறிஞரை வினவி ஆராய்ந்து அளித்த பரிந்துரையை அடுத்து, 2018இல் அந்நாட்டு அரசியலமைப்பே திருத்தம் பெற்றது.

சீட்டு, செல்வாக்கை அறியாது. அதுவே அதன் சிறப்பு. ஆயினும் உத்தரமேரூரில் இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் இல்லாதார்க்கு ஓலையே இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த நம் டிக்கோயாத் தோட்டத்து மக்களும் வாக்காளர் இடாப்பில் பெயரின்றி நின்றவர்களே. எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே அவ்வுரிமையை மீட்டளித்தது.

மாணவர்களே! எச்சபை கூடினும், குடத்தில் எவர் பெயர் இல்லை என்பதை முதலிற் கேளுங்கள்.