பூஜ்யம் காட்டிய கருவி

பெருமதிப்பிற்குரிய மாவட்டக் காவல்துறைக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

மூன்று மனுக்களுக்கும் ரசீது தந்த தங்கள் அலுவலகம் மறுமொழி தர மறந்தமையால், நான்காவதை ஊரறிய எழுதுகிறேன். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மதுவோடு போதை மருந்தையும் சேர்த்தே விலக்கியிருப்பதைத் தங்களிடம் எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கும் காரியம்; ஆகவே என் வாசலில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

சென்ற மாசியில், விடியற்காலை நாலரை மணிக்கு, மத்தியப் பிரதேசத்து மந்த்சௌரிலிருந்து பூண்டு ஏற்றிவந்த லாரியொன்று நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, பதினெட்டு ஆண்டுகளாக எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றிவந்தவரைச் சைக்கிளோடு அடித்து வீழ்த்திவிட்டு, என் வீட்டு வேப்பமரத்தில் மோதி நின்றது. ஓட்டிவந்த இளைஞனோ, நடந்தது இன்னதென்ற பிரக்ஞையே இல்லாமல், கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கியிருக்க, "டீசல் போட்டாச்சா?" என்று என்னையே கேட்டான்.

தலைமைக் காவலர் வந்தார், ஊதச் சொன்னார், கருவி பூஜ்யம் காட்டிற்று. கிளீனர் பையன் அழுதுகொண்டே நீட்டிய துணிமுடிச்சில், மூன்று இரவுகளாக அவ்விளைஞன் தேநீரில் கலந்து குடித்துவந்த கசகசாக் காய்த்தோட்டின் பொடி இருந்தது. அதை அவர் முகர்ந்து பார்த்தார். அந்தப் பூண்டு வாடையில் என்ன தெரிந்திருக்கும்? "நாட்டு மருந்துதான், நீங்க உள்ள போங்க ஐயா" என்றார். மந்த்சௌர், அரசாங்க உரிமத்தோடு அபினிச் செடி பயிராகும் ஜில்லா என்பது பூகோளம் கற்பித்த எனக்குத் தெரியும். காவல் நிலையத்துக்குத் தெரிய அவசியமில்லை போலும்.

பால்காரரின் உடலோடு ஆஸ்பத்திரிக்குப் போன நான் அங்கே கண்டதுதான் என்னை உறங்க விடாதது. முழங்கைச் சிராய்ப்புக்குக் கட்டுப்போட ஓட்டிவந்தவனையும் அங்கேயே அழைத்து வந்திருந்தீர்கள். வைத்தியர் இருந்தார், ஊசி இருந்தது, அவன் கையும் நீட்டியபடியே இருந்தது. ஒரு துளி இரத்தம் எடுக்கச் சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை. மாலையில் ஜாமீன். ஏட்டில் 'அஜாக்கிரதை' என்று எழுதினீர்கள். யாருடைய அஜாக்கிரதை?

அந்த இளைஞன்மீது எனக்குக் கோபமில்லை. நாளுக்கு எட்டு மணி நேர வேலையென்று 1961-லேயே சட்டம் செய்த தேசத்தில், உறங்காமல் வந்து சேர்ந்தால்தான் அடுத்த லோடு என்று அவனை நிர்ப்பந்தித்தவரை எவரும் ஊதச் சொல்லப் போவதில்லை.

மனு எழுதிக் கை சலித்துவிட்டது. பால்காரரின் நெளிந்த கேன் இன்னும் என் திண்ணையில்தான் கிடக்கிறது. அடுத்த முறை அதைத்தான் கொண்டுவருவேன். உங்கள் கருவியை அதன் வாயிலும் வைத்துப் பாருங்கள். அதுவும் பூஜ்யம்தான் காட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியன்