கிட்டாருக்கும் ஒரு பூட்டா?



உளுந்தூர்பேட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் அன்னை வரைந்த மடல் கிடைத்தது. அவருடைய மூத்த மகன் பங்கின் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறான். கருவி பங்குக்குச் சொந்தம். வீடுதோறும் தண்டிய பணத்தில் வாங்கியது. அதன் தோள்வாருக்கு ‘ஸ்ட்ராப் லாக்’ என்னும் பூட்டு ஒன்று வேண்டுமெனப் பையன் பணம் கேட்டிருக்கிறான். தகப்பனாரோ, “கிட்டாருக்குப் பூட்டாம் பூட்டு! எவன் திருடப் போகிறான்?” என்று தள்ளிவிட்டார். இதற்கிடையில் பங்குப் பேரவையில் பொறுப்பான ஒருவர், கருவி விழுந்து உடைந்தால் நட்டம் உங்கள் வீட்டைச் சேரும் என்று கண்டிப்பாகக் கூறிவிட, பையன் இரண்டு ஞாயிறாகப் பாடகர் குழுவின் பக்கமே போகவில்லையாம். “சாமி, இது அவசியமா, ஆடம்பரமா?” என்று அந்த அன்னை கேட்கிறார்.

கிட்டார் கோயிலுக்குள் வரலாமா என்று இன்னும் முணுமுணுக்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் வெளியிட்ட திரு இசை பற்றிய மடலில் பியானோவையே ஆலயத்தில் தடை செய்திருந்தார். முரசு, தாளம் போன்றவற்றையும் விலக்கினார். ஆனால் 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், குழலார்கனுக்கு உயர்ந்த இடத்தை அளித்துவிட்டு, வழிபாட்டுக்கு ஏற்றவையும் ஆலயத்தின் மாண்புக்குப் பொருந்துபவையுமான பிற கருவிகளையும் உரிய அதிகாரத்தின் இசைவோடு ஏற்கலாமென்று வழி திறந்தது. ஆகவே அந்த வழக்கை இங்கே மீண்டும் நடத்த வேண்டியதில்லை. பேஸ் கிட்டாரின் ஒலியும் நமக்குப் புதிதன்று. 1976-இல் ‘அன்னக்கிளி’ வழியாக வந்த இளையராஜாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள், அதன் பெயரை அறியாவிடினும், பாட்டின் அடியில் நடந்து செல்லும் அந்த ஆழ்ந்த ஒலியை நன்கு அறிவார்கள்.

முற்காலத்தில் இவ்வொலியைத் தந்தது ஆள் உயரத்தை மிஞ்சிய டபுள் பேஸ். அது தரையில் ஊன்றி நின்றது. தோளிலிருந்து விழும் பேச்சுக்கே இடமில்லை. 1951-இல் அமெரிக்கரான லியோ ஃபெண்டர் பேஸை மின்கருவியாக்கித் தோளில் மாட்டச் செய்தார். நம் ஆர்மோனியம் அமர்ந்த இடத்தை விட்டு அசைவதில்லை. தவில்காரர் வாரைத் தம் கையாலேயே இழுத்துக் கட்டிக்கொள்கிறார். கிட்டாருக்கோ, உடலின் கீழ்முனையில் ஒன்றும் மேற்கொம்பில் ஒன்றுமாக இரண்டு சிறு குமிழ்கள். வாரின் இரு முனைகளிலும் உள்ள துளைகளை அவற்றில் மாட்டிவிட்டால் தீர்ந்தது. தொங்கும் பாரமே வாரை இழுத்துப் பிடித்திருக்கும் என்பது கணக்கு.

அக்கணக்குப் பிழைக்கும் வேளைகள் உண்டு. வாசிப்பவன் பாட்டுத்தாளைப் புரட்டக் குனிகிறான், அல்லது கழுத்தைச் சற்று உயர்த்துகிறான். அக்கணத்தில் வார் தளர்கிறது. துளை பழையதாகி அகன்றிருந்தால், தோலின் விளிம்பு குமிழைத் தாண்டி வெளியே வந்துவிடும். சாதாரணக் கிட்டாரின் தந்தி ஏறத்தாழ 25 அங்குலம். பேஸில் பெரும்பாலும் 34 அங்குலம். கருவி ஏறக்குறைய 4 கிலோ எடை. நீண்ட கழுத்தும் கனத்த தலையும் கீழ்நோக்கிச் சாய்வதே அதன் இயல்பு. விழுந்தால் பெரும்பாலும் தலைதான் முதலில் தரையைத் தொடும்.

ஆலயத்துள் நாற்காலியில் அமர்ந்து, கருவியைத் தொடைமேல் வைத்து வாசிக்கும் பிள்ளைக்குப் பூட்டு தேவையில்லை. இதுவரை அந்தத் தகப்பனார் சொல்வது சரியே. ஆனால் நம் வட்டாரத் திருவிழாக்களை எண்ணிப் பாருங்கள். மாலையில் சப்பரம் புறப்படுகிறது. பாடகர் குழு டிராக்டர் பெட்டியில் ஏறுகிறது. அதிலேயே ஜெனரேட்டர், ஒலிபெருக்கி, வயர்ச் சுருள்கள். ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுச் சிறு பிள்ளைகளும் உட்கார்ந்துகொள்கிறார்கள். எத்தனை முறை இறக்கிவிட்டாலும் அடுத்த தெருவில் ஏறிவிடுவார்கள். பேஸ் வாசிப்பவன் நின்றபடி வாசிக்கிறான். பள்ளத்தில் சக்கரம் இறங்குகிறது. ஒரு பங்கில் அவ்வாறே வார் கழன்று கருவி விழுந்ததை நான் அருகிலிருந்து கண்டேன். தலை பெட்டியின் இரும்பு விளிம்பில் மோதி, ஒரு முறுக்காணி வளைந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அமர்ந்திருந்தாள். அன்றிரவு எல்லாரும் முறுக்காணியைப் பற்றியே பேசினார்கள்.

ஆதலால் என் விடை இது: நின்று வாசிப்பவனுக்கு, குறிப்பாக ஊர்தியில் நின்று வாசிப்பவனுக்கு, வாரைக் குமிழில் நிறுத்தும் ஏதேனும் ஓர் ஏற்பாடு வேண்டும். அது கருவிக்காக மட்டுமன்று, அவன் காலடியில் இருக்கும் பிள்ளைகளுக்காக.

எத்தகைய ஏற்பாடு? ஜெர்மனியின் ஷாலர், அமெரிக்காவின் டன்லப் போன்றவர்களின் உலோகப் பூட்டுகள் உள்ளன. குமிழையே மாற்றி, அதற்குப் பொருந்தும் கொக்கியை வாரில் பூட்டிவிடுவார்கள். வில் பொருத்திய ஆணியை இழுத்தாலோ அழுத்தினாலோதான் விடும். நம்பகமானவை, ஆனால் விலை மிகுதி. சென்னை அண்ணா சாலையில் 1842 முதல் பெயர் பெற்ற மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளில் விசாரிக்கலாம். கடன்பட்டு வாங்கத் தேவையில்லை. மேல்நாட்டு வாசிப்பாளர்கள் பலர் க்ரோல்ஷ் என்னும் டச்சு நாட்டுப் பீர் புட்டியின் மூடியிலுள்ள ரப்பர் வளையத்தை வாருக்கு மேலாகக் குமிழில் அழுத்தி மாட்டிவிடுகிறார்கள். நம் இளைஞர்கள் அந்தப் புட்டியைத் தேடிப் புறப்பட வேண்டாம்! குமிழின் கழுத்தை இறுகப் பற்றும் தடித்த ரப்பர் வாஷர் எதுவாயினும் அதே வேலையைச் செய்யும். வாஷர் வெடித்தால் மாற்றிவிட வேண்டும், அவ்வளவே.

பூட்டு வாங்கியவர்களும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். குமிழை மரத்தில் பிடித்திருப்பது ஒரே ஒரு திருகாணி. அது ஆடினால் எந்தப் பூட்டும் பயன் தராது. குமிழோடு சேர்ந்தே கழன்று வரும். திருகாணி இறுகாமல் சுற்றுமானால், தீக்குச்சியின் மருந்து நீக்கிய மரத்தை மரப்பசையில் தோய்த்துத் துளையில் செருகி, காய்ந்தபின் முடுக்கலாம். இதற்கு ஊர்த் தச்சர் போதும். வாரில் உள்ள கொக்கியின் மரையும் நாளடைவில் தளரும். மேலும், வயரைக் கருவியில் நேராகச் செருகாமல் வாரின் உட்புறமாக ஒருமுறை கொடுத்துச் செருகினால், யாரேனும் வயரை மிதித்தாலும் கருவி வெடுக்கென்று இழுபடாது.

நட்டத்தைப் பற்றி அந்தப் பேரவை அன்பருக்கு ஒரு சொல். கருவி பங்கினுடையது. பையன் ஊதியம் பெறாமல், ஞாயிறுதோறும் திருப்பலிக்காக அதைச் சுமக்கிறான். பாதுகாப்புப் பொருளைப் பங்கு வாங்கித் தராமல், விழுந்தால் கூலிவேலை செய்யும் குடும்பம் ஈடு கட்டவேண்டும் என்பது நியாயமாகாது. ஒலிபெருக்கிக்கு உறை தைக்கப் பங்குக் கணக்கில் பணம் இருக்கும்போது, ஒரு வாஷருக்கோ பூட்டுக்கோ இல்லாமற் போகாது. உங்கள் பங்குக் குருவானவரிடம் இம்மடலைக் காட்டுங்கள், அம்மா. மகனைச் சனிக்கிழமைப் பயிற்சிக்கு அனுப்பிவையுங்கள். போகும்போது ஒரு திருப்புளியையும் கையில் கொடுத்தனுப்புங்கள்.