94-லேயே நிக்குதா உங்க நெட்?

மாசாமாசம் 300 எம்.பி.பி.எஸ். பிளானுக்குக் காசு கட்டறீங்க. ஸ்பீடு டெஸ்ட் போட்டா 94-ஐத் தாண்ட மாட்டேங்குதா? கஸ்டமர் கேரை ஒரு பிடி பிடிக்கறதுக்கு முன்னாடி, கம்ப்யூட்டர்ல சொருகியிருக்கற கேபிளைக் கொஞ்சம் கவனிங்க பாஸ்!

விண்டோஸ் செட்டிங்ஸ்ல ஈத்தர்நெட் பக்கத்தைத் திறந்தா லிங்க் ஸ்பீடு தெரியும். லினக்ஸ் ஆசாமிகள் 'எத்டூல்' கமாண்டைத் தட்டலாம். 1000-க்குப் பதிலா 100னு காட்டுதா? ரவுட்டர் போர்ட்டே 100தான்னா கேபிளை மாத்திப் பிரயோஜனமில்லை. ரெண்டு பக்கமும் கிகாபிட்னா, சந்தேகமே வேண்டாம், வில்லன் பெரும்பாலும் கேபிள்தான்.

உள்ளே எட்டுக் கம்பி, நாலு ஜோடி. 100 வேகத்துக்கு 1, 2, 3, 6-வது கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும். மத்த நாலுல ஒண்ணு அறுந்தாலும் லிங்க் சத்தம் போடாம 100-க்கு இறங்கிடும். நெட் ஓடிக்கிட்டே இருக்கறதால யாரும் கண்டுக்க மாட்டாங்க!

நீங்களே கிரிம்ப் பண்ற பார்ட்டியா? அப்ப இதைக் கேளுங்க. ரெண்டு முனையிலும் ஒரே வரிசைதானேன்னு கலர் ஜோடிகளை வரிசையா அடுக்கிடுவாங்க சிலர். டெஸ்டர்ல எட்டு லைட்டும் ஜோரா எரியும். ஆனா 3-ம் 6-ம் ஒரே முறுக்கு ஜோடியா இருக்கணும். இல்லேன்னா ஒரு ஜோடியோட சிக்னல் இன்னொண்ணுல கலந்து, லைன் தடுமாறும். லைட் எரியறது கம்பி அறுந்திருக்கா இல்லையான்னு மட்டும்தான் சொல்லும். ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பிரவுன்-வெள்ளை, பிரவுன்... ரெண்டு முனையிலும் இதே வரிசை.

வாங்கும்போது? கேட் 5இ-யே 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும். கேட் 6, சுமார் 55 மீட்டர் வரை 10 கிகாபிட். 6ஏ, முழு 100 மீட்டர். ஹாஸ்டல் ரூமுக்கு 5இ தாராளம். சுத்தமான செம்பான்னு மட்டும் கேட்டு வாங்குங்க. செம்பு பூசின அலுமினியமும் கடையில கிடைக்குது.

கிராஸ்ஓவர் கேபிளா? லேப் ரெக்கார்டுல எழுதிட்டு மறந்துடலாம். கிகாபிட் போர்ட்டுங்க தானே மாத்திக்கும்.

கடைசியா, ஸ்பீடை நாமளே ஃபிக்ஸ் பண்ணலாமேன்னு கை வைக்காதீங்க. ஒரு பக்கம் 100 ஃபுல் டூப்ளெக்ஸ்னு பூட்டி, எதிர்ப்பக்கம் ஆட்டோல இருந்தா, அது ஹாஃப் டூப்ளெக்ஸுக்குப் போயிடும். அப்புறம் அந்த 94-ம் கிடைக்காது!