குறையைச் சொல், குத்திக் காட்டாதே!

தொழில் தெரிந்தவன், தனக்குத் தெரிந்ததைப் பிறருக்கும் எழுதிச் சொல்ல முன்வருவது நல்ல காரியம். ஆனால் முதன்முதலாக எழுதுகிறவன் எழுத்தில் பிழை இருக்கத்தான் செய்யும். அந்தப் பிழையை அவனிடம் எப்படிச் சொல்வது?

மின்சார வேலை பழகிய ஓர் இளைஞன், "இஸ்திரிப் பெட்டிக்குப் பிளக் மாட்டுவது எப்படி?" என்று ஒரு பக்கம் எழுதுகிறான் என்று வைத்துக் கொள்வோம்.

"சிவப்பு வயரை வலது பக்கம் மாட்டுக. கறுப்பு வயரை இடது பக்கம் மாட்டுக. பச்சை வயர் இல்லாவிட்டாலும் பெட்டி சூடாகும்."

இப்படி எழுதியிருக்கிறான்.

ஒருவர் படித்துவிட்டுச் சிரிக்கிறார். "இவனெல்லாம் எழுத வந்துவிட்டான்!" என்கிறார். இன்னொருவர், "பேஷ்! பிரமாதம்!" என்று முதுகில் தட்டுகிறார்.

இருவராலும் பயன் இல்லை. முதலாமவரால் அவன் எழுதுவதையே விட்டுவிடுவான். இரண்டாமவரால் பிழை அப்படியே நின்றுவிடும். வீட்டுக்கு வரும் மின்சாரமோ 230 வோல்ட். அதனோடு விளையாட முடியுமா?

மூன்றாவதாக ஒருவர் வருகிறார். பல வருஷம் இந்த வேலை செய்தவர். அவர் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. பிளக் மாட்டியே அறியாத தம் மகளை அழைக்கிறார். மின்சாரத்தோடு சேராத வயரையும் பிளக்கையும் அவளிடம் கொடுத்து, "இதைப் படித்துச் செய், அம்மா" என்கிறார்.

அவள் பிளக்கைத் திறந்து பார்க்கிறாள். முள் இருக்கும் பக்கத்தைத் திருப்பியும் பார்க்கிறாள். திருப்பினால் வலது இடதாகி விடுகிறது! வயரிலோ சிவப்பும் இல்லை, கறுப்பும் இல்லை. பழுப்பும் நீலமும் இருக்கின்றன. அவள் திகைத்து நிற்கிறாள்.

அவள் நின்ற இடங்கள்தாம் திருத்த வேண்டிய இடங்கள்.

பெரியவர் இளைஞனிடம் சொல்கிறார்: "தம்பி, ஒவ்வொரு வேலையையும் தனி வரியாக எழுதியிருக்கிறாய். அது நன்றாக இருக்கிறது, மாற்றாதே. முதலில் பச்சை வயர் பற்றிய வரியை எடுத்துவிடு. அது இல்லாமலும் பெட்டி சூடாகும், உண்மைதான். ஆனால் உள்ளே வயர் அறுந்து இரும்பில் பட்டால், தொட்டவருக்கு ஷாக் அடிக்கும். எர்த் வயர் இருந்தால் மின்சாரம் அதன் வழியே பூமிக்குப் போகும், பியூஸ் எரிந்துபோகும், ஆள் தப்புவார். அடுத்தபடி, எந்தப் பக்கம் பார்த்தால் வலது என்று எழுது. புது வயர்களில் சிவப்புக்குப் பதில் பழுப்பு, கறுப்புக்குப் பதில் நீலம், பச்சைக்குப் பதில் பச்சையும் மஞ்சளும் என்பதையும் சேர்த்துவிடு."

இதுதான் பிழை சொல்லும் முறை. நல்லதை இன்னதென்று சொன்னார். உயிருக்கு ஆபத்தான பிழையை முதலில் சொன்னார். காரணமும் சொன்னார். ஆனால் பேனாவைத் தாம் வாங்கிக் கொள்ளவில்லை. திருத்தும் வேலையை இளைஞனுக்கே விட்டார்.

கேட்டுக் கொள்வதிலும் பெருமை உண்டு. காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கலாம் என்று 1831-ல் கண்டறிந்தவர் மைக்கேல் பாரடே. இளமையில் அவர் லண்டனில் புத்தகம் பைண்டு செய்யும் தொழில் பழகியவர். பின்னாளில் பிரசங்க மேடை ஏறியபோது, தம் பேச்சிலுள்ள குறைகளைக் குறித்துத் தருவதற்கென்றே ஒரு நண்பரை எதிரே உட்கார வைத்தார். பேச்சு வேகமானால், 'மெதுவாக' என்று எழுதிய அட்டை அவர் முன் வைக்கப்படும். அத்தனை பெரிய விஞ்ஞானியே குறை கேட்க வெட்கப்படவில்லை!

வீட்டில் பிள்ளை ஒன்றை எழுதிக்கொண்டு வந்து காட்டினாலும் இதே முறைதான். சிரிக்கவும் வேண்டாம், சும்மா புகழவும் வேண்டாம். அவன் எழுதியபடியே ஒருமுறை செய்து பாருங்கள். எங்கே கை நிற்கிறதோ, அந்த இடத்தை அன்பாகக் காட்டுங்கள். அவன் நன்றாக எழுதக் கற்பான். அவன் எழுத்தைப் படித்துச் செய்கிறவர்களுக்கும் ஆபத்து வராது.