கொதிநிலை சொல்லும் எடை

கண்ணுக்கும் பூதக்கண்ணாடிக்கும் எட்டாத மூலக்கூறின் எடையை, ஒரு தராசையும் கொதிக்கும் திரவத்தில் நிறுத்திய ஓர் உஷ்ணமானியையும் கொண்டே கணித்துவிடலாம் என்னும் ஆச்சரியம், நம் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்குப் பரீட்சைக்கு மனனம் செய்யும் சூத்திரமாக மட்டும் சென்றடைவது வருந்தத்தக்கது.

ஆவியாகாத வஸ்துவொன்று கரைந்தவுடன் திரவத்தின் ஆவியழுத்தம் தாழ்ந்து, அது மீண்டும் வாயுமண்டல அழுத்தத்தை எட்டக் கூடுதல் உஷ்ணம் வேண்டியிருப்பதால் கொதிநிலை உயர்கிறது. அவ்வுயர்வு, கரைந்தது இன்னதென்று பாராமல் கரைந்த துகள்களின் எண்ணிக்கையையே பொறுத்தது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது; தராசில் நிறுத்துக் கரைத்த எடையை அவ்வெண்ணிக்கையால் வகுத்தால் ஒரு துகளின் எடை கிட்டிவிடும். ஒரு கிலோகிராம் நீரில் 6 கிராம் யூரியாவைக் கரைத்தாலும் 18 கிராம் குளுக்கோஸைக் கரைத்தாலும் உயர்வு ஒன்றே, ஏறக்குறைய 0.05 பாகை.

இத்தனை சொற்பமான மாறுதலை அளக்கவே, லைப்சிக் சர்வகலாசாலையில் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டிடம் பணிபுரிந்த எர்ன்ஸ்ட் பெக்மன், 1880-களின் இறுதியில், ஐந்தாறு பாகைகளை மட்டும் நீண்ட தண்டு முழுவதும் பரப்பி, ஒவ்வொரு பாகையையும் நூறு கூறாக்கி, லென்ஸ் வைத்து நோக்கினால் ஆயிரத்திலொரு பங்கையும் மதிப்பிடத்தக்க உஷ்ணமானியை அமைத்தார். அப்படியும் இடையூறுகள் ஒழியவில்லை. திரவம் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறிவிடும். பாரமானியில் பாதரசம் 1 மில்லிமீட்டர் இறங்கினாலோ நீரின் கொதிநிலை 0.037 பாகை இறங்கிவிடும், அதாவது யூரியா தந்த உயர்வில் முக்கால் பங்கை வானிலையே விழுங்கிவிடும்!

இவ்வளவு சிரமத்துக்கும் கிட்டிய பலன் அற்பமன்று. கார்பன் டைசல்பைடு ஒரு கிலோகிராமில் 25.6 கிராம் கந்தகம் தனித்தனி அணுக்களாகக் கரைந்திருந்தால் கொதிநிலை ஏறக்குறைய 1.9 பாகை ஏற வேண்டும். ஏறுவதோ கால் பாகைக்கும் சற்றுக் குறைவு. கந்தகம் எட்டெட்டு அணுக்களாகக் கைகோத்திருக்கிறது என்பதை அந்தச் சிறு ஏற்றமே உணர்த்திவிடுகிறது.

நிறைமாலைமானி இருக்கும் காலத்தில் இப்பழைய முறை எதற்கென்று கேட்பவர்கள் உண்டு. எடையை அறிவது மட்டுமே நோக்கமெனில் அக்கேள்வி நியாயமே. மாணவனுக்கோ எடையைவிட, அது எவ்வாறு அறியப்பட்டது என்பதே பிரதானம். பாதரசமும் நச்சுத் திரவங்களும் பள்ளிக்கூடத்துக்கு வேண்டியதில்லை. ஒரு கிலோகிராம் நீரில் 180 கிராம் குளுக்கோஸ் அரைப் பாகை உயர்த்துவதையும், 58.5 கிராம் உப்பு அயனிகளாகப் பிரிந்து ஏறக்குறைய ஒரு பாகை உயர்த்துவதையும் காட்ட நல்லதொரு மின்னணு உஷ்ணமானி போதும். பாடத்திட்டம் வகுப்போர் இதனைச் செய்முறைப் பயிற்சிகளில் சேர்த்தருள வேண்டும்.