அஞ்சு வொட் காணும்

கிட்டார் வாங்கின பிள்ளையிடம் எங்கட பக்கத்தில் கேட்கிற முதல் கேள்வி, “அம்ப் எத்தனை வொட்?” என்பதுதான். என்ன வாசிக்கிறாய், எங்க வைத்து வாசிக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. 50 என்றால் மரியாதை. 100 என்றால் இன்னும் மரியாதை. 5 என்று சொன்னால் “அது விளையாட்டுச் சாமான்தானே” என்று சிரிப்பு. இந்த வொட் மோகத்துக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறோம்.

வொட் பற்றிப் பெருமை பேச மாம்புரிக்குக் காரணம் இருக்கு. 2010 முதல் எங்கட கரையில் காற்றாலை சுழலுது. பக்கத்து நுரைச்சோலையில் 900 மெகாவொட் அனல்மின் நிலையம். ஆனால் 2022 இல் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்ததை யாரும் மறக்கவில்லை. எழுதி வைத்த வொட் வேறு, பாவிக்கக் கிடைக்கிற வொட் வேறு. அம்ப் விஷயமும் இதேதான்.

கணக்கைப் பாருங்க. வொட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமாகப் பட சுமார் 10 டெசிபல் கூட வேணும், அதுக்குப் பத்து மடங்கு வொட் வேணும். ஆக, 50 வொட் அம்ப் 5 வொட் அம்பை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு சத்தம், அவ்வளவுதான்.

அந்த 5 வொட்டும் சின்னச் சத்தம் இல்லை. 1 வொட்டுக்கு 1 மீற்றர் தூரத்தில் 93 டெசிபல் தருகிற ஸ்பீக்கரில் அதை முழுசாகத் திறந்தால் 100 டெசிபல் வரும். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 85 டெசிபலை 8 மணித்தியாலம் கேட்கலாம். 100 டெசிபலை 15 நிமிசம்தான். கட்டிலில் இருந்து வாசிக்கிற பிள்ளைக்கு 5 வொட் என்பதே மேல் எல்லை.

பிறகு ஏன் வால்வு? வால்வு ரேடியோ வைத்திருந்த வீடுகளுக்கு இந்தக் கண்ணாடிக் குழாய் புதுசு இல்லை. வால்வைத் தாங்கும் எல்லைக்குத் தள்ளினால் ஒலி அலையின் உச்சி மெதுவாக மழுங்கும். அதில் பிறக்கிற சூடான கரகரப்புக்காகத்தான் ஆட்கள் காசு கொடுக்கிறார்கள். 100 வொட் அம்பை வீட்டில் அந்த எல்லைக்குக் கொண்டுபோகவே ஏலாது, குமிழ் 1 இலேயே நிற்கும். சின்ன அம்ப் சீக்கிரம் அங்க போகும். 1970 இல் எரிக் கிளப்டன் ‘லைலா’ இசைத்தட்டுக்குப் பாவித்தது ஒரே ஒரு 6வி6 பவர் வால்வு உள்ள, சுமார் 5 வொட் பென்டர் சாம்ப். கேட்டவர்கள் யாரும் வொட் எண்ணவில்லை.

வாங்கப் போறீங்களா? 1 முதல் 5 வொட் வரைக்கும் பாருங்க. மாஸ்டர் வொலியூம் இருக்கட்டும், ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு ஹெட்போனில் கேட்கிற வசதி இருந்தால் இன்னும் நல்லது. 12ஏஎக்ஸ்7, இஎல்84 போன்ற வால்வுகள் இன்னும் உற்பத்தியில் இருக்கு. கிடைக்காத வால்வு போட்ட அம்ப் வெறும் பெட்டி. பழசு வாங்கினால் பின்னால் எழுதியிருக்கிற வோல்டேஜைப் படியுங்க. ஜப்பான் சாமான் 100, அமெரிக்கச் சாமான் 120, எங்கட கரண்ட் 230. நேராகக் குத்தினால் கதை முடிஞ்சுது. எர்த் உள்ள மூன்று முனைப் பிளக் இல்லாததைத் தொடவே வேண்டாம்.

ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு அம்பைப் போடக்கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்போமர் போய்விடும். ஓம் பொருந்துதா என்றும் பாருங்க. கரண்ட் போனால் பிளக்கைக் கழற்றுங்க. திரும்பி வருகிற கரண்ட் எப்படி வரும் என்று சொல்ல ஏலாது. வாசிச்சு முடிஞ்சு சூடு ஆறின பிறகு துணியால் மூடுங்க, உப்புக்காற்று ஜக்கையும் வால்வு முனையையும் தின்னும். நீங்களாகத் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றின பிறகும் உள்ளே கப்பாசிற்றரில் 300 வோல்டுக்கு மேல் நிற்கலாம்.

மற்றப் பக்கத்துப் பெருமைக்கும் ஒரு வார்த்தை. “வால்வு இல்லாட்டி சவுண்டே இல்ல” என்கிறவர்களையும் நாங்கள் நம்பவில்லை. கடன்பட்டுத்தான் வாங்க வேணும் என்றால் வாங்காதீங்க. ஹெட்போன் குத்துகிற சின்ன ட்ரான்சிஸ்டர் அம்பில் விரல் பழகும்.

“அப்ப மேடைக்கு?” என்று கேட்பாங்க. சின்ன அம்புக்கு முன்னால் ஒரு மைக் வையுங்க. மிச்சத்தைச் சவுண்ட் செட்காரர் பார்ப்பார்.

இது வெறும் சாமான் சண்டை இல்லை. பெரிய அம்ப் வருது, மதிலுக்கு அங்கால கைக்குழந்தை அழுது, சோதனைக்குப் படிக்கிற பிள்ளை முறைப்பாடு செய்யுது, பாங்கு நேரத்தில் ஒருவர் வந்து கதவைத் தட்டுறார். ஒரு மாதத்தில் “வித்துப்போடு” என்று வீடு சொல்லும். பெடியனுக்கு கூட்டாளி வீடு இருக்கு, கடற்கரை இருக்கு. வீட்டுக்குள்ள மட்டும் வாசிக்கக் கிடைக்கிற பொம்பிளைப் பிள்ளைக்கு அந்தக் கதவு மூடினால் கிட்டாரே மூடினது. எங்கட பக்கத்தில் இசையை நிறுத்துவது எப்போதும் வறுமையோ மார்க்கமோ இல்லை. சில வேளை ஒரு வொலியூம் குமிழ்தான்.

இனி யாராவது அம்ப் வாங்கப் போறன் என்றால், எத்தனை வொட் என்று கேட்காதீங்க. எந்த அறையில் வாசிக்கப் போறாய், அடுத்த அறையில் யார் இருக்கிறாங்க என்று கேளுங்க.